எங்கே எத்தெல்

அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். விளக்கு அமைத்து முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும், சாகிறவர் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் விழவேண்டும், லூயிஸ் சார் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று டைரக்டர் அறவாழி கட்டிலருகே குனிந்து, நிஜமாகவே உயிர் போகிறவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னான். லூயிஸ் தலையை ஆட்டினார். ஆட்டியதும் மேலே சாரத்தில் உட்கார்ந்திருந்த லைட்பாய் ஆடாதீங்க சார் என்றான். சரி, ஆடவில்லை. கழுத்துவரை போர்வை, கன்னத்தில் நோயாளிக்கான மஞ்சள் பூச்சு, தலைக்கு மேல் கோடம்பாக்கத்துத் தகரக் கூரை. சுற்றிலும் பலகையடித்துக் கட்டிய மலைத்தோட்டத்து பங்களா. சுதந்திரம் வந்தபிறகும் ஊர் திரும்பாமல் காப்பித் தோட்டத்திலேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவன் அதில் இன்றைக்குச் சாகிறான். ஐம்பத்திரண்டு வயதில் எழுபது வயதுக்காரனாகச் செத்துக்காட்டுவது பெரிய காரியமில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ முறை செத்தாயிற்று, பெரும்பாலும் கதாநாயகன் கையால். பயம் அதில்லை. சாவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் பேசவேண்டும், அந்த வாக்கியம் அவரிடம் இல்லை, இன்னும் முக்கால் மணி நேரத்தில் அதைக் கேட்பார்கள். ஒரு மாதமாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் தேடினார், குளிக்கும்போது தேடினார், ரேஷன் கடை வரிசையில் நின்று தேடினார், கிடைத்துவிடும் கிடைத்துவிடும் என்று நாளைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தாயிற்று.

தப்பு அவருடையதுதான், வேறு யாரையும் சொல்லமுடியாது. கதை சொல்ல வந்த அன்று அறவாழி பேச்சோடு பேச்சாக ஊட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருக்கிறார், அசல் இங்கிலீஷ்காரர், அவரையும் பார்த்துவிட்டு வந்தேன் என்றான். அந்த ‘அசல்’ அவருக்கு எங்கேயோ குத்திவிட்டது. நானும் ஒன்றும் இங்கிலீஷ்காரன் இல்லை தம்பி, ஹங்கேரிக்காரன், என் பெயர் லூயிஸ்கூட இல்லை, லாயோஷ், லாயோஷ் பார்தா என்று சொல்லிவிட்டார். வெளியில் யாரிடமும் சொல்லாமல் முப்பது வருஷம் வைத்திருந்ததை ஒரு காப்பிக்கு நடுவில் எடுத்து வைத்தாயிற்று. அறவாழியின் கண்கள் விரிந்தன. அந்த பாஷை நன்றாகத் தெரியுமா என்று கேட்டான். தெரியுமாவா, எட்டு வயது வரைக்கும் எனக்கு வேறு பாஷையே கிடையாது என்றார். அது உண்மை. நிறுத்தியிருக்கலாம். பாட்டெல்லாம் தெரியும் என்றும் சொன்னார். அது பொய். அப்படியானால் சாகிற காட்சியில் இங்கிலீஷ் வேண்டாம் சார், தமிழும் வேண்டாம், கடைசி நிமிஷத்தில் மனுஷன் தாய் பாஷைக்குத்தான் போவான், உங்களுக்கு என்ன வருதோ அதைச் சொல்லுங்கள், நான் எழுதித் தரப்போவதில்லை என்று அறவாழி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். டப்பிங்கும் கிடையாதாம். சொல்லும்போதே குரலைப் பதிவு செய்கிற கருவியை வாடகைக்கு எடுத்திருக்கிறான், அதோ, ஒரு ஆள் காதில் கவசத்தை மாட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

எஜ். கெட்டோ. ஹாரொம். நேஜ். நாலு வரைக்கும் இருக்கிறது, கையை விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நேஜ் என்றதும் ஐந்து என்று தமிழில் போய் விழுகிறது. ஐந்துக்கு என்ன. ஆறுக்கு என்ன. குதிரை லோ. லோ மறக்காது, அப்பா குதிரைக்காரர், சர்க்கஸ் கூடாரத்தில் ஓடுகிற குதிரையின் முதுகில் நின்றபடி கோட்டைக் கழற்றி மாட்டுவார். ரொட்டி கென்யேர். தண்ணீர்? தண்ணீர் தண்ணீர் என்றுதான் வருகிறது. சாகிற மனிதன் குதிரை, ரொட்டி, மூன்று, நாலு என்றா சொல்வான்? அப்பாவோடு பேசியதுதான் கடைசி. அப்பாவும் பிற்பாடு பேசவில்லை. முப்பத்தெட்டில் சர்க்கஸோடு கப்பலேறி வந்தார்கள், ஊர் ஊராகப் போனார்கள், சண்டை வந்தது, எதிரி நாட்டுக்காரர்கள் என்று இரண்டு பேரையும் முள்கம்பி போட்ட முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே காவல்காரன் காதில் விழும்படி நம் பாஷை பேசாதே என்று அப்பா சொன்னார், அதை எந்த பாஷையில் சொன்னார், நினைவில்லை, விரலை உதட்டில் வைத்துச் சொன்னார், அந்த விரல் நினைவிருக்கிறது, புகையிலைக் கறை படிந்த விரல். முகாமிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். அடைத்து வைத்தவன் இங்கிலீஷ்காரன். வெளியே வந்து மெட்ராஸுக்கு வந்து ஸ்டுடியோ வாசலில் நின்றபோது, துரை மாதிரி இருக்கான் பாரு என்று உள்ளே இழுத்துக் காக்கி கால்சட்டை மாட்டி இங்கிலீஷ்காரன் ஆக்கினார்கள். கலெக்டர், போலீஸ் சூப்பரிண்டெண்ட், கப்பல் கேப்டன், மறுபடி கலெக்டர். வசனம் எப்போதும் ஒன்றுதான், டேய் நான் உன்னை சுட்டுப் போட்றான். நல்ல தமிழில் பேசிக் காட்டினால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், கொஞ்சம் கெடுத்துப் பேசுங்க சார், தியேட்டர்ல நம்பமாட்டாங்க என்பார்கள். கெடுத்துப் பேசினார். இங்கிலீஷையும் கெடுத்துத்தான் பேசினார், அது யாருக்கும் தெரியவில்லை.

அதே மாதிரி இதையும் கெடுத்துப் பேசிவிட்டால் என்ன. யாருக்குத் தெரியப்போகிறது. வாயில் வந்ததை உளறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் இந்த ஃப்ளோரில் ஒருத்தனுக்கும் தெரியாது, அறவாழி அழுதாலும் அழுவான். ஆனால் படத்தை வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் அனுப்பப்போவதாகச் சொல்கிறானே. அங்கே ஏதோ ஒரு தியேட்டரில், இருட்டில், பத்தாவது வரிசையில், அந்த ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கிழவன் வாயைத் திறந்ததும் முதலில் நிமிர்ந்து உட்காருவாள், பிறகு பக்கத்தில் இருக்கிறவளைப் பார்ப்பாள், பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த ஒருத்தியை ஏமாற்ற முடியாது. அவளுக்கு வயது எழுபத்தைந்து இருக்கும் என்று ஏன் தோன்றுகிறது, அம்மா உயிரோடு இருந்தால் எழுபத்தைந்து, கணக்குச் சரியாகத்தான் வருகிறது, வேண்டாம். உளறுவது ஒன்றும் புதிதில்லை. ஆக்னஸுக்கு ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம், அப்பா உங்க ஊர்ல பூனைக்கு என்ன பேருப்பா என்று ஓடி வந்தாள். யோசித்தார், வரவில்லை, குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது, ப்ளுக்கா என்றார். ப்ளுக்கா. இன்றைக்கும் கோயம்புத்தூரில் அவள் வீட்டுப் பூனைக்கு அதுதான் பெயர், பேரனும் ப்ளுக்கா ப்ளுக்கா என்று கூப்பிடுகிறான். மாச்கா. அட, மாச்கா. பூனைக்கு மாச்கா! இருபது வருஷம் கழித்து இப்போது வந்து நிற்கிறது, யாருக்கு வேண்டும் இது.

பங்களாவின் பொய் ஜன்னலுக்கு வெளியே யாரோ விளக்கைத் தூக்கி வைத்தார்கள். வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்தது. சூடு. ஆயாவாக நடிக்கிற குணவதி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சாமி மாதிரி படுத்திருக்கீங்க சார் என்றாள். அவளுக்கு இது மூன்றாவது படம். வசனமே இல்லை, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், அவ்வளவுதான், ஆனால் எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. இப்படியா சார், இப்படியா என்று பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். எனக்கும் பயம்தான் அம்மா என்று சொல்ல வாயெடுத்து, உன் இஷ்டப்படி பிடி, தப்பில்லை என்றார். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அந்த ஈரம் சட்டென்று எங்கோ கொண்டுபோய் விட்டது. ரயில் நிலையம். ஜனம், ஜனம், இடுப்பு உயரத்தில் கோட்டுகளின் கம்பளி வாசனை, நிலக்கரிப் புகை. குதிரைகளை வண்டியில் ஏற்றுகிறார்கள். சாய்த்து வைத்த பலகையில் ஈரம். வெள்ளைக் குதிரையின் பின்னங்கால் வழுக்குகிறது, கூட்டம் ஓவென்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எப்போதும் அங்கேயே நின்றுவிடும். குதிரை விழுந்ததா, எழுந்ததா, அம்மா எங்கே நின்றாள், என்ன சொன்னாள், ஏதாவது சொல்லித்தானே அனுப்பியிருப்பாள், அடுத்த கப்பலில் வருவதாக இருந்தவள், வழியனுப்ப வந்தவள் வாயே திறக்காமலா நின்றிருப்பாள். எத்தனை முறை போனாலும் அந்தப் பலகையில் குதிரையின் கால் வழுக்குகிறது, திரும்பி வந்துவிடுகிறார். மறுபடி போனார். பலகை, ஈரம், குதிரை. மறுபடி. சார் உங்களுக்கு வேர்க்குது என்று குணவதி மேக்கப்காரரைக் கூப்பிட்டாள். பஞ்சால் ஒற்றினார்கள். இன்னும் இருபது நிமிஷம் என்று எங்கிருந்தோ ஒரு குரல் சொன்னது.

சாகிறவன் கடைசியில் தாய் பாஷைக்குப் போவானாம், யார் சொன்னது. மனைவி செலின் எத்தனை பேரைப் பார்த்திருப்பாள், முப்பது வருஷமாக நர்ஸ், இப்போது வார்டு சிஸ்டர். அவளைக் கேட்டிருக்கலாம். ஒருமுறை சொல்லியிருக்கிறாள், சாகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீர் கேட்பார்கள், இல்லாவிட்டால் தூக்கத்தில் பேசுவதுபோல ஏதோ பேசுவார்கள், யாருக்கும் புரியாது என்று. தூக்கத்தில் பேசுவதுபோல. நீங்களும்தான் பேசுறீங்க என்று அப்போது சொன்னாளே. என்ன பேசுகிறேன் என்று கேட்டதற்கு ஒண்ணுமில்ல என்று திரும்பிக்கொண்டு கொடியில் துணி போட ஆரம்பித்தாளே. கல்யாணமாகி இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவள் முகம் ஏனோ சுண்டிப்போயிருந்தது, அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை. என்ன பேசுகிறேன்? அவர் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். சாரத்தில் இருந்தவன் ஐயோ சார் என்றான். விழித்திருக்கிற வாய்க்குத் தெரியாதது தூங்குகிற வாய்க்குத் தெரிந்திருக்கலாம், யாராவது அதைக் கேட்டிருக்கலாம், கேட்டவள் ஒருத்திதான். ஒரு போன் பேசிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அறவாழியிடம் சொன்னார். உடம்புக்கு ஏதாவதா சார் என்று அவன் பதறினான். இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே, சாகப்போகிறவனின் இரவு உடையோடும் வெறுங்காலோடும் ஃப்ளோரைத் தாண்டி மானேஜர் அறைக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரி போர்டில் எடுத்தவள் வார்டுக்கு இணைப்புக் கொடுக்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டாள். மானேஜர் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டது நல்லதாயிற்று. ரிஸீவரில் டிரிப் பாட்டில் மாற்றச் சொல்லி யாரையோ விரட்டுகிற செலினின் குரல் கேட்டது, பிறகு அவளே வந்தாள்.

“என்னங்க, இந்த நேரத்துல? மயக்கம் கியக்கம் வந்துச்சா?”

“இல்ல செலின். ஒண்ணு கேக்கணும். நான் தூக்கத்துல பேசுவேன்னு சொன்னே இல்லையா. என்ன பேசுவேன்?”

வார்டில் ஏதோ தட்டு விழுந்தது.

“இப்ப எதுக்கு அது?” என்றாள்.

“வேணும். ரொம்ப அவசரம். இப்பவும் பேசுறேனா?”

“மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை. முந்தியெல்லாம் ஜாஸ்தி.” அவள் குரல் இறங்கிவிட்டது. மருந்து அளவு சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “எத்தெலைத் தேடுவீங்க.”

“யாரை?”

“எத்தெல். யாருன்னு நீங்கதான் சொல்லணும். இருபத்தாறு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். எங்கே எத்தெல், எங்கே எத்தெல்னு. என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் கேப்பீங்க. சர்க்கஸ்ல கயிறு மேல நடக்கிறவளாயிருக்கும், இல்ல யாராவது ஆங்கிலோ இண்டியன் பொண்ணாயிருக்கும்னு நினைச்சுக்குவேன். கேக்கக்கூடாதுன்னு இருந்தேன். நீங்களே கேட்டுட்டீங்க.”

எத்தெல் என்று அவருக்கு யாரையும் தெரியாது. சர்க்கஸில் ஒரு எடித் இருந்தாள், அவளுக்கு அறுபது வயது, டிக்கெட் கிழிப்பாள். யாருமில்லை செலின், சத்தியமாக யாருமில்லை என்று சொல்ல நினைத்தார், ஆனால் சொன்னால் பொய் போலத்தான் இருக்கும், எல்லா ஆண்களும் அப்படித்தான் சொல்வார்கள், இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாளே, காலையில் எழுந்து எனக்கு இட்லி வைத்தாளே என்று நினைத்து அதை விட்டுவிட்டார். நான் எப்படிச் சொல்வேனோ அதே மாதிரி சொல்லு, கோபித்துக்கொள்ளாதே, அதே ராகத்தில் சொல்லு என்று கெஞ்சினார். அவள் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கவேண்டும், வார்டுச் சத்தம் அடங்கியது. பிறகு சொன்னாள், மெதுவாக, மூக்கில் தொடங்கி, அவருடைய தூக்கத்தை அப்படியே எடுத்து வைப்பதுபோல.

“நெ... எங்கே... த்தெல்.”

அவர் அதைத் திருப்பிச் சொன்னார். இன்னொரு முறை சொன்னார். மூன்றாவது முறை அது வாயில் வேறு இடத்தில் பிரிந்தது. நெ எங்கெத் எல். தமிழ் இல்லை. பெயரும் இல்லை. நெ எங்கெத் எல் அ கெஸெமெத். மிச்சம் தானாகவே வந்தது, அவர் தேடவில்லை, வாய் சொல்லிக்கொண்டுபோனது. கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே மேலேயிருந்து ஒரு முகம் குனிகிறது, தொப்பிக்கு வெளியே ஒரு கற்றை முடி, வாய் அசைகிறது. நெ எங்கெத் எல் அ கெஸெமெத், லாயி. லாயோஷைச் சுருக்கி லாயி. மானேஜர் பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

“செலின், அது பொம்பளை இல்ல,” என்றார். “எங்க பாஷை. என் கையை விட்டுடாதேன்னு அர்த்தம். ரயிலடியில கூட்டத்துல எங்க அம்மா சொன்னாங்க.”

அந்தப் பக்கம் கதவை யாரோ தட்டினார்கள். பிறகு வார்டுக்கு டாக்டர் வந்துவிட்டார், நான் போகணும் என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைக்கவில்லை. டூட்டி நாலு மணிக்கு முடியுது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். நம்பினாளா? இத்தனை வருஷம் கழித்து இவ்வளவு சுலபமாக ஒரு அர்த்தம் கிடைத்தால் யார் நம்புவார்கள்?

ஷாட் ரெடி என்று கூப்பிட்டார்கள். படுத்தார். போர்வையை இழுத்துவிட்டார்கள், வேர்வையைத் துடைத்தார்கள், யாரோ சைலன்ஸ் என்று கத்தினார்கள், தகரக் கூரைமேல் காக்கை நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. மறந்துவிடுமா. இதோ இருக்கிறது. மறந்துவிட்டதா. இருக்கிறது. க்ளாப் அடித்தார்கள். குணவதி அவர் கையை எடுத்து ஈரமான தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள், அறவாழி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், லூயிஸ் கூரையைப் பார்த்தபடி வாயைத் திறந்து அதைச் சொன்னார். சொல்லும்போதே குதிரை வந்துவிட்டது. பலகை, ஈரம், வெள்ளைக் குதிரையின் பின்னங்கால் வழுக்குகிறது, கூட்டம் ஓவென்கிறது, இந்த முறை படம் நிற்கவில்லை. எட்டு வயதுப் பையன் குதிரை விழுகிறதா என்று பார்க்க, அம்மாவின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு கோட்டுகளுக்கு நடுவே ஓடுகிறான். குதிரை விழவில்லை, சமாளித்து ஏறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கோட்டுகள். கோட்டுகள் மட்டும். அப்பா யாரிடமிருந்தோ அவனை வாங்கி வண்டியில் போடுகிறார், வண்டி நகர்கிறது, ஜன்னலுக்கு வெளியே எத்தனையோ பெண்கள் கையசைக்கிறார்கள், எது அம்மா என்று தெரியவில்லை. வாக்கியம் முடிந்துவிட்டது, ஆனால் அவர் இன்னொரு முறை அதையே சொல்லிக்கொண்டிருந்தார், இன்னொரு முறையும், அறவாழி கட் சொல்லவேயில்லை, ஃபிலிம் தீர்ந்துபோய் காமிரா தானாக நின்றது. குணவதி அழுதுகொண்டிருந்தாள். அறவாழி வந்து அர்த்தம் கேட்டான், கீழே எழுத்துப் போடவேண்டுமாம். சொன்னார். எழுதிக்கொண்டான். ஒன் மோர் வேண்டாம் சார் என்றான்.

மூன்றரைக்கே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டார். காதோரத்தில் மஞ்சள் பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது, இளநீர்க்காரன் அவரை அடையாளம் கண்டு, கலெக்டர் ஐயா, யாரைத் தூக்குல போட வந்தீங்க என்று சிரித்தான். நாலு மணிக்கு டூட்டி மாறியது. வெள்ளைச் சேலைகள் கும்பலாக வெளியே வந்தன, எல்லாம் ஒரே மாதிரி, நோயாளிகளின் உறவுக்காரர்கள், ஆட்டோக்கள், பழக்கூடைகள். ஒருவேளை வேறு வாசல் வழியாகப் போயிருப்பாள். ஒருவேளை போனில் சொன்னது அவளுக்கு ஒரு கதையாகவே பட்டிருக்கும், நடிகன்தானே, முப்பது வருஷமாகப் பொய் சொல்கிறவன்தானே. எக்கி எக்கிப் பார்த்தார். எந்த முகமும் அவளாக இல்லை. முழங்கையை யாரோ தொட்டார்கள்.

செலின் கைப்பையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள், அழுதாளா இல்லையா என்று தெரியவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் போகவேண்டும். வண்டிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன, இருவரும் சாலை ஓரத்திலேயே நின்றார்கள்.

“அப்புறம் யாரு விட்டது?” என்றாள்.

அவருக்குப் புரிந்தது. அப்பாவிடம்கூடச் சொல்லாதது, தனக்கே இன்று காலைவரை சொல்லிக்கொள்ளாதது.

“நான்தான்,” என்றார். “குதிரை பாக்கப் போனேன்.”

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் ஒரு நாளைக்கு நூறு கேஸ் தாளில் எழுதச் சொல்கிற அதே குரலில், “எட்டு வயசு,” என்றாள். பிறகு சாலை கொஞ்சம் ஒழிந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் தெருவில் ஒருநாளும் செய்யாததாக, இளநீர்க்காரனும் மற்ற நர்ஸுகளும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் சாலையில் இறங்கினாள்.